முப்பத்தொரு மில்லிமீட்டர்

மொய்னாக்கில் இறங்கியதும்
துறைமுகம் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டேன்.
கல்லிபேக் சிரிக்கவில்லை.
கடைத்தெருவைத் தாண்டினால் வரும், என்றார்.

வந்தது.
மேட்டிலிருந்து இறங்கும் படிகளை எண்ணிக்கொண்டே போனேன்,
பாதியில் ஒரு நாய் குறுக்கே வந்து
கணக்கு தவறிப்போனது.
கீழே, ஆரல் கடல் இருக்க வேண்டிய இடத்தில்,
துருவேறிய கப்பல்கள்
மூக்கை மணலில் புதைத்து நின்றன.
ஒன்றின் வயிற்றுக்குள் பசுமாடு படுத்து
அசைபோட்டுக்கொண்டிருந்தது.
அந்தச் சுற்றுவட்டாரத்தில்
நிழல் அது ஒன்றுதான்.

இந்தக் கடலுக்கு வந்துகொண்டிருந்த ஆற்றை
தோல்பைகளில் வைக்கோல் திணித்து
மிதந்து கடந்தது ஒரு படை,
இரண்டாயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன்.
ஆறு அவர்களைக் கவனித்ததாகத் தெரியவில்லை.
அதன் பிறகும் எத்தனையோ கொடிகள், குதிரைகள்.
கடைசியாக வந்தவர்கள் வாளோடு வரவில்லை,
பேரேட்டோடு வந்தார்கள்:
இத்தனை ஹெக்டேர், இத்தனை டன்,
இத்தனை மைல் கால்வாய்.
கடல் எந்தப் பத்தியிலும் இல்லை.

வடக்கே, வற்றிய தரையில்
பழைய கல்லறை ஒன்று வெளிப்பட்டதாம்.
அப்படியானால் கடல் முன்பும் ஒருமுறை போயிருக்கிறது,
மனிதர்கள் அங்கே குடியிருந்து, செத்து, புதைந்த பிறகு
சாவகாசமாகத் திரும்பியும் வந்திருக்கிறது.
இதைச் சொல்லும்போது மட்டும்
கல்லிபேக்கின் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

நான் இருபத்திரண்டு வருடம்
நூற்பாலையின் சோதனைக்கூடத்தில் இருந்தவள்.
பஞ்சைப் பிரித்து, சீப்பில் வாரி,
இழையின் நீளம் அளப்பது வேலை.
தாஷ்கண்ட் முத்திரை குத்திய பேல் வந்தால்
எங்களுக்கெல்லாம் ஒரு சந்தோஷம்.
முப்பத்தொரு மில்லிமீட்டர். தூசு குறைவு.
ஈரம் ஏழு சதவீதம்.
தரம் 'ஏ' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
யாருடைய ஈரம் என்று கேட்கும் கட்டம்
அந்தப் படிவத்தில் இல்லை.
இருந்திருந்தாலும்
கோடு போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன்,
மதியச் சாப்பாட்டு மணி அடித்திருக்கும்.

இரவு தங்கியது ஸீவர் வீட்டில்.
மீன் டப்பா ஆலையில் வேலை பார்த்தவள்.
கடல் போன பிறகும் ஆலை ஓடியதாம்,
பால்டிக்கிலிருந்து உறைந்த மீன்
ரயிலேறி வந்ததாம்.
அலையே இல்லாத ஊரில் செதில் சுரண்டினோம், என்று
தொடையைத் தட்டிச் சிரித்தாள்.
தேநீர் கரித்தது. பாலும் கரித்தது.
உங்கள் பக்கம் கடல் உண்டா, என்றாள்.
உண்டு.
ஒருநாள் காலை அதுவும் உள்வாங்கிப் போனது,
டிசம்பரில், விடுமுறைக்கு மறுநாள்.
தரை தெரிந்தது. மீன்கள் துள்ளின.
பார்க்க ஓடியவர்களில் ஒருத்தி
என்னோடு ஒரே மேசையில் பஞ்சு அளந்தவள்.
கொஞ்ச நேரம்தான்.
திரும்பி வந்துவிட்டது.

கல்லிபேக் இதையெல்லாம்
நான்கே சொற்களில் மொழிபெயர்த்தார்.
எந்த நான்கு என்று எனக்குத் தெரியாது.
ஸீவர் என் கோப்பையை எடுத்து
ஆறிப்போனதைக் கொட்டிவிட்டு
மறுபடி நிரப்பினாள்.
போன கடலுக்காக அவளும்
வந்த கடலுக்காக நானும்
ஒரே ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தோம்.

காலையில் காற்று வெள்ளையாக வீசியது.
பல்லில் நறநறத்தது.
கடல்தரையில் வரிசையாக நட்ட சாக்சால் செடிகள்
முழங்கால் உயரத்துக்கு நின்றன.
இலை என்று சொல்ல எதுவும் இல்லை,
பிடிவாதம் மட்டும் பச்சையாக இருந்தது.
அதன் தூரில் கிளிஞ்சல் ஒன்று.
எடுத்தேன். வைத்துவிட்டேன்.

முகம் கழுவ அரைச் செம்புத் தண்ணீரும்
ஒரு துண்டும் கொடுத்தாள் ஸீவர்.
துண்டின் ஓரத்தில் ஒரு பிசிர்.
பழகிய விரல்கள், கேட்காமலே இழுத்துவிட்டன.
வெளிச்சத்தில் பிடித்து
நீளம் பார்ப்பதற்குள்
காற்று கொண்டுபோனது,
வடக்கே.